பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கதைகள் புதிய பதிப்பில் ஏன் அதே ஈர்ப்பைத் தருவதில்லை?

கேள்வி: பழுப்புத்தாள்

அனைவருக்கும் வணக்கம். 1960களிலும் 1970களிலும் வெளிவந்த அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் இதழ்களைப் பழைய பிரதிகளாகவே வாசித்து வளர்ந்தவன் நான். மார்வெல் நிறுவனத்துக்காக எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் உருவாக்கிய ஃபன்டாஸ்டிக் ஃபோர், ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேன் ஆகிய தொடர்கள்தாம் எனக்கு எல்லாவற்றிலும் மேலானவை. அவற்றைக் கெட்டி அட்டையும் வழவழப்பான தாளும் கொண்ட பெருந்தொகுப்புகளாக அண்மையில் வாங்கினேன். கதை அதேதான், கோடுகள் அவையேதான், வசனத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மனம் விலகிவிடுகிறது.

வயதாகிவிட்டது, சிறுவனின் கண் இனி வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த விளக்கத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஏனெனில், என்னிடம் எஞ்சியுள்ள ஓரிரு பழைய இதழ்களை, மடிப்பில் கிழிந்து ஓரம் பழுத்துப்போன அந்தப் பிரதிகளை, இன்றைக்கு எடுத்துப் பிரித்தாலும் பழைய ஈர்ப்பு அப்படியே வருகிறது. வாசிப்பவன் ஒருவனே, கதையும் ஒன்றே எனும்போது, மாறியது எது? என் ஏக்கம் வெறும் இளமை நினைவுதானா, அல்லது அந்த இதழ்களுக்குள்ளேயே இருந்த ஏதோ ஒன்று மறுபதிப்பில் விடுபட்டுப் போகிறதா? இக்கதைகளைப் புதிதாக வாசிக்க வருபவருக்கு எந்த வடிவில் அவற்றைக் கொடுப்பது சரி என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நான்குவண்ணம்

வணக்கம் ஐயா. தங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அச்சில்தான் இருக்கிறது. அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அக்கால இதழ்களின் வண்ணம் ஓவியத்தின் மேல் நேரடியாகப் பூசப்பட்டதன்று. கறுப்பு மையில் முடிக்கப்பட்ட பக்கத்தைச் சிறிய நகலாக எடுத்து, அதன்மேல் வண்ணக் கலைஞர் சாயம் தீட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் எந்த மை எவ்வளவு வேண்டும் என்பதைக் குறியீடாக எழுதி வைப்பார். மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று மைகளுக்கும் மென்மை, நடுத்தரம், முழுமை என்ற மூன்று அளவுகளே உண்டு. மை இல்லாத நிலையையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். ஆகவே மொத்தம் 64 வண்ணங்கள். அந்தக் குறியீடுகளைப் பார்த்து ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தகடுகள் தயாராவதற்கான வேலையைக் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் பெண்கள் பலர் கையால் செய்து வந்தார்கள். அவர்களுடைய பெயர் எந்த இதழிலும் அச்சாகவில்லை என்பதை இங்கே சொல்லாமல் கடந்துவிட மனம் வரவில்லை. பின்னர் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டா என்னும் சிற்றூரில், மிக வேகமாகச் சுழலும் எந்திரங்களில், நாளிதழுக்குரிய மலிவான தாளில் இதழ்கள் அச்சாயின.

இந்த ஏற்பாட்டின் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மென்மையான நிறங்கள் எல்லாம் புள்ளிகளால் ஆனவை; தகடு சற்று விலகினால் சிவப்பு உதட்டை விட்டுக் கன்னத்தில் விழும். ஆனால் அக்குறைகளை நன்கு அறிந்தவர்களே அவ்விதழ்களை உருவாக்கினார்கள் என்பதுதான் முக்கியம். ஒளியும் நிழலும் படிப்படியாக மாறுவதை 64 வண்ணங்களில் காட்ட முடியாது என்பதால், வண்ணத்தை உணர்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். நாயகன் கொதித்தெழும் கட்டத்தில் பின்னணி முழுவதும் சிவப்பாகிவிடும். கூட்டத்தில் நிற்பவர்கள் அனைவரும் ஒரே ஊதாவில் மூழ்க, பேசுபவர் மட்டும் முழு வண்ணத்தில் தெரிவார். 1950களில் இ.சி. நிறுவனத்திலும் பின்னர் மார்வெல் நிறுவனத்திலும் பணியாற்றிய மேரி செவரின் இதில் பெரும் வல்லவர். அவருடைய பக்கங்களில் கண் எங்கே முதலில் நிற்க வேண்டும் என்பதை நிறமே முடிவு செய்துவிடும்.

அச்சின் இயல்பு பாத்திரத்தையே மாற்றிய நிகழ்வும் உண்டு. 1962 மே மாதத் தேதியிட்ட முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தவனாகத்தான் தோன்றினான். அந்தச் சாம்பல் ஒரு பக்கத்தில் வெளுத்தும் இன்னொரு பக்கத்தில் கறுத்தும் அச்சானதால், இரண்டாம் இதழிலேயே அவனைப் பச்சை ஆக்கினார்கள். இன்று உலகமே அறிந்த அந்தப் பச்சை உடல், மலிவுத் தாளும் மையும் சேர்ந்து எடுத்த முடிவு.

இப்போது தங்கள் தொகுப்புக்கு வருகிறேன். நாளிதழ்த் தாள் வெண்மையானதன்று, இலேசான சாம்பல் கலந்தது; மையை உறிஞ்சிப் பரவவிடுவது. முழு அளவு மஞ்சளைக் குறித்த கலைஞர், அது தாளில் இறங்கித் தணிந்து தெரியும் என்ற கணக்கோடுதான் குறித்தார். அதே குறியீட்டை அப்படியே எடுத்து, மையை மேலேயே நிறுத்திக்கொள்ளும் வழவழப்பான வெள்ளைத் தாளில் அச்சிட்டால், மஞ்சள் கண்ணைக் குத்துகிறது, சிவப்பு அலறுகிறது, முகங்கள் தட்டையாகிவிடுகின்றன. இதைச் சரிசெய்வதாக எண்ணிச் சில பதிப்புகளில் கணினியில் புதிதாக நிழல்களைச் சேர்த்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசமானது. பருமனைக் கோட்டிலேயே காட்டி முடித்துவிட்ட டிட்கோவின் ஒரு விரலுக்கு மேல், மீண்டும் ஒரு பருமனை ஏற்றுவது அந்தக் கோட்டைக் கொல்வதாகும்.

எனவே தங்கள் கண்ணுக்கு வயதாகவில்லை. அது பார்த்துப் பழகிய வண்ணம் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை.

பதில்: மாதஇதழ்வாசகி

நான்குவண்ணம் அவர்கள் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். வண்ணத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எனினும் வண்ணம் மட்டுமே காரணமாக இருந்தால், கறுப்பு வெள்ளையில் மலிவாக வந்த தொகுப்புகளாவது நம்மை ஈர்த்திருக்க வேண்டும். தொகுப்பாக மாறும்போது இழக்கப்படும் இன்னொன்று காலம் என்பது என் எண்ணம். மாதத்திற்கு ஒன்றாக வெளிவரும் என்ற கணக்கில் எழுதப்பட்ட கதைகள் அவை.

1965 டிசம்பர் முதல் 1966 பிப்ரவரி வரை தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 31, 32, 33 ஆகிய மூன்று இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். 32ஆம் இதழின் முடிவில், ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கர் பெரிய எந்திரம் ஒன்றின் அடியில் சிக்கிக் கிடக்கிறான். மேலிருந்து நீர் கசிகிறது. சாகக் கிடக்கும் மே அத்தையைக் காப்பாற்றக்கூடிய மருந்து, கைக்கு எட்டாத தூரத்தில் கண்ணெதிரே இருக்கிறது. அந்த இடத்தில் இதழ் முடிந்துவிட்டது. அன்றைய வாசகர் ஒரு மாதம் முழுவதும் அந்த எந்திரத்தின் அடியில் அவனோடு கிடந்தார். அடுத்த இதழின் தொடக்கப் பக்கங்களில் டிட்கோ செய்வது வேறெதுவுமில்லை, அவனை எழ வைப்பதுதான். கட்டங்கள் முதலில் சிறியனவாக, நெருக்கமாக, மூச்சுமுட்டும்படி இருக்கின்றன. அவன் தோள் சிறிது சிறிதாக உயர உயரக் கட்டங்களும் அகலமாகின்றன. இறுதியில் ஒரு முழுப் பக்கமும் ஒரே படமாகி, அவன் எந்திரத்தைத் தூக்கி எறிகிறான். அந்த ஒரு மாதக் காத்திருப்பு இல்லாதவருக்கு அந்த முழுப்பக்கம் ஓர் அழகான படம் மட்டுமே. காத்திருந்தவருக்கு அது விடுதலை. தொகுப்பில் அந்த இடைவெளி ஒரு தாளைப் புரட்டும் நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

கதையின் வடிவமும் வேறாக இருந்தது. உலகத்தையே விழுங்க வரும் கலாக்டஸின் கதை 1966 மார்ச் முதல் மே வரை தேதியிட்ட ஃபன்டாஸ்டிக் ஃபோர் 48, 49, 50ஆம் இதழ்களில் வந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். இதழைத் திறந்து பார்த்தால் 48ஆம் இதழின் முற்பகுதி முந்தைய கதையின் முடிவாக இருக்கிறது. 50ஆம் இதழின் பிற்பகுதியிலோ, உலகம் தப்பிப் பிழைத்த சூடு ஆறுவதற்குள், நால்வர் அணியின் இளைஞன் ஜானி ஸ்டார்ம் கல்லூரியில் சேர்ந்துகொண்டிருக்கிறான். இன்றைய எழுத்தாளர்கள் பலர், பின்னால் ஒரு நூலாகக் கட்டுவதற்கு வசதியாக ஐந்து அல்லது ஆறு இதழ்களுக்கு ஒரு கதை என்று அளந்து எழுதுகிறார்கள். அன்று அப்படிப்பட்ட வேலி இருக்கவில்லை. பெரிய அழிவும் சிறிய வீட்டுக்கவலையும் ஒரே இதழுக்குள் இடித்துக்கொண்டு நின்றதால்தான், அந்த நாயகர்கள் நாம் வாசிக்காத வேளையிலும் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை நமக்கு வந்தது.

வாசகர் கடிதப் பகுதியையும் மறக்கக்கூடாது. பெரும்பாலான தொகுப்புகள் அதை வெட்டிவிடுகின்றன. டிசி நிறுவனத்தின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் தம் இதழ்களில் கடிதம் எழுதியவர்களின் முகவரிகளையும் சேர்த்து வெளியிடத் தொடங்கியதால், தொலைதூரங்களில் தனித்தனியே இருந்த வாசகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 1961இல் ஜெர்ரி பெய்ல்ஸ் தொடங்கிய ரசிகர் இதழில் பங்கெடுத்த ராய் தாமஸ், 1965இல் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளராகச் சேர்ந்து, 1972இல் அதன் தலைமை ஆசிரியராகவே ஆனார். 1963 நவம்பர் மாதத் தேதியிட்ட ஃபன்டாஸ்டிக் ஃபோர் 20ஆம் இதழின் கடிதப் பகுதியில், பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் சிறுவனாக எழுதிய பாராட்டுக் கடிதம் இருக்கிறது. கதையில் பிழையைக் கண்டுபிடித்து, அது பிழையன்று என்று தாமே ஒரு விளக்கமும் எழுதி அனுப்பிய வாசகர்களுக்கு மார்வெல் அனுப்பிய பரிசு ஒரு வெற்று உறைதான். அதைப் பெற்றவர்கள் பொன்போலக் காத்தார்கள். வாசகனும் அந்த உலகத்தில் ஒரு பங்காளி என்ற அந்த உணர்வை, கடிதப் பக்கங்கள் இல்லாத கெட்டி அட்டை நூல் எப்படித் தர முடியும்?

பதில்: பெயரில்லாதவர்க்காக

மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் இந்த ஏக்கத்தில் ஒரு பகுதி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நமக்கு இன்பம் தந்த அந்த மலிவான இதழ்கள் மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம், அவற்றை உருவாக்கியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மிகக் குறைவு என்பதுதான்.

1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். அந்தப் பாத்திரம் கோடிகளை ஈட்டிய பல ஆண்டுகள் அவர்கள் வறுமையில் வாடினார்கள். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் அவர்களுக்காகக் குரல் கொடுத்த பின்னரே, 1975 டிசம்பரில் அவர்களுக்கு ஓய்வூதியமும், படைப்பாளர் என்ற இடத்தில் பெயரும் கிடைத்தன. பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கர் 1974இல் மறைந்தார். அவருடைய பெயரை டிசி நிறுவனம் முறைப்படி ஏற்றுக்கொண்டது 2015இல். மார்வெல் உலகத்தின் பாதியைத் தம் பென்சிலால் எழுப்பிய கிர்பி, தாம் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே நெடுங்காலம் போராட நேர்ந்தது. 1987இல் அவருக்குத் திரும்பி வந்தது ஒரு பகுதி மட்டுமே.

கதைகளுக்குள்ளும் நமக்கு உறுத்த வேண்டியவை உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் மறையும் ஆற்றல் கொண்ட, ஃபன்டாஸ்டிக் ஃபோர் அணியின் ஒரே பெண்ணான சூ ஸ்டார்மால் அணிக்கு என்ன பயன் என்று வாசகர்கள் கேட்டார்கள். 1963 பிப்ரவரி மாதத் தேதியிட்ட ஃபன்டாஸ்டிக் ஃபோர் 11ஆம் இதழில், ஆபிரகாம் லிங்கனுக்கு அவருடைய தாய் எவ்வளவு முக்கியமானவராக இருந்தாரோ அப்படி என்று விடை சொன்னார்கள். உலகத்தைக் காக்கும் ஒரு பெண்ணுக்கு அவ்வளவுதான் தகுதியா? மறைந்து நிற்கும் 'பெண்பிள்ளை' என்றிருந்த அவருடைய பட்டம், மறைந்து நிற்கும் 'பெண்' என்று மாறுவதற்கு 1985 வரை ஆயிற்று.

இதைச் சொல்வதால் அக்கதைகளை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தங்கள் குறையைத் தாங்களே கண்டு திருந்திய இதழ்களும் அவையே. 1970 ஏப்ரல் மாதத் தேதியிட்ட கிரீன் லான்டர்ன் 76ஆம் இதழில், டென்னி ஓ'நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த கதையில், முதிய கறுப்பினத்தவர் ஒருவர் நாயகனை நிறுத்திக் கேட்கிறார்: வேற்றுக்கோள்களின் நீலத் தோலர்களுக்கும் ஆரஞ்சுத் தோலர்களுக்கும் இவ்வளவு செய்தாயே, கறுப்புத் தோலர்களுக்கு என்ன செய்தாய்? நாயகன் தலைகுனிந்து நிற்கிறான். பதிப்பாளர்களே அமைத்து, 1954 முதல் இதழ்களுக்கு ஒப்புதல் முத்திரை தந்துவந்த காமிக்ஸ் நெறிக்குழு, போதைப்பொருளைக் காட்டிய கதையை ஏற்க மறுத்தது. அரசின் சுகாதார, கல்வி, நலத்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் போதையின் தீங்கை எடுத்துக்காட்டிய ஸ்பைடர்மேன் 96, 97, 98ஆம் இதழ்களை, குழுவின் முத்திரை இல்லாமலேயே 1971இல் ஸ்டான் லீ வெளியிட்டார். அதே ஆண்டில் நெறியும் தளர்த்தப்பட்டது. ஏங்குவதானால் இந்தத் துணிவுக்கும் சேர்த்து ஏங்குவோம்.

பழுப்புத்தாள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயரில்லாதவர்க்காக அவர்கள் எழுதியது என் ஏக்கத்தைக் குறைக்கவில்லை. ஓவியர், எழுத்தாளர் பெயர்களை இனி ஒவ்வோர் இதழிலும் தேடிப் பார்க்கச் செய்யும். இனி எந்தப் பதிப்பைக் கையில் எடுப்பது என்ற கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. மூல இதழ்களை விலை கொடுத்து வாங்கும் வசதி புதிய வாசகர் எல்லோருக்கும் இருக்காது அல்லவா?

பதில்: நான்குவண்ணம்

ஐயா, மூல இதழ்தான் வேண்டும் என்பதில்லை. தாளிலுள்ள லிக்னின் என்னும் பொருள் காற்றாலும் ஒளியாலும் பழுத்துக்கொண்டே போவதால், மூல இதழ்கள் கூட இன்று அன்றைய வண்ணத்தில் இல்லை. ஆகவே நோக்கத்திற்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

புதிய வாசகருக்கு, தனி இதழ்களாக வரும் அச்சு அசலான மறுபதிப்புகளை முதலில் கொடுங்கள். மார்வெல், டிசி இரண்டு நிறுவனங்களுமே அண்மை ஆண்டுகளில் இவற்றை வெளியிட்டு வருகின்றன. பழைய விளம்பரங்களும் கடிதப் பக்கங்களும் இவற்றில் இடம்பெறுகின்றன. மாதஇதழ்வாசகி அவர்கள் சொன்ன இழப்பில் ஒரு பகுதி இதனால் ஈடாகும். வண்ணத்தை அன்று அச்சான நிலையில் காண விரும்பினால், டாஷென் பதிப்பகத்தின் மார்வெல் வரிசை மிகச் சிறந்தது. நன்கு காக்கப்பட்ட பழைய இதழ்களையே படமெடுத்து, புள்ளிகளோடு, பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அளவு மிகப் பெரியது, விலையும் கூடுதல் என்பதால் நூலகத்தில் கிடைத்தால் அங்கேயே பார்த்துக்கொள்வது நலம். கோட்டின் மேல் பற்றுள்ளவருக்கு, மூல ஓவியப் பலகைகளை அவற்றின் உண்மையான அளவில், திருத்தத்திற்குப் பூசிய வெள்ளையோடும் பென்சில் குறிப்புகளோடும் வெளியிடும் ஓவியர் பதிப்புகள் 2010 முதல் வருகின்றன. கணினியில் வண்ணம் மாற்றிய பதிப்பை மட்டும் தொடக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

பதில்: மாதஇதழ்வாசகி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஸ்பைடர்மேன் 31 முதல் 33 வரையிலான இதழ்களைப் புதியவருக்குக் கொடுப்பதானால், எந்தப் பதிப்பாக இருந்தாலும் சரி, மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். 32ஆம் இதழ் முடிந்த இடத்தில் நிறுத்தி, மறு மாதம் அடுத்ததைக் கையில் கொடுங்கள். இடையில் அவர் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.